மடித்து வைத்த ஃபிலிம் நுனி

என் கணவருக்கு ஒரு வழக்கம். எடுத்து முடித்த ஃபிலிமைச் சுற்றும்போது நுனியை முழுக்க உள்ளே விடாமல் வெளியே நிறுத்தி, ஒரு மடிப்பு மடித்து வைப்பார். ஃபிலிமைப் பெரிய சுருளிலிருந்து நாங்களே வெட்டிச் சுற்றுவதால் எங்கள் ஸ்டுடியோவில் புது ரோலும் எடுத்த ரோலும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அந்த மடிப்புதான் அடையாளம். எட்டு வருஷம் அவரோடு இருட்டறையில் நின்ற எனக்கு இது தெரியாதா?

தெரியும். ஆனால் ஏரிக்கரைப் பூங்காவில் வெளிநாட்டு வாத்துகள் இறங்கியிருப்பதாகப் பால்காரர் சொன்னதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கைக்கு அகப்பட்ட ரோலை எடுத்தேன். நுனி கசங்கியிருக்கிறதே என்று கத்தரியால் நறுக்கிவிட்டு கேமராவில் மாட்டினேன்.

தலையில் கறுப்புப் பட்டை போட்ட வாத்துகள் புல்லை மேய்ந்துகொண்டிருந்தன. சேலை சேறானதைக்கூடப் பார்க்காமல் குந்திக் குந்தி நகர்ந்து முப்பத்து நான்கு படம் எடுத்தேன். முப்பத்தாறில் இன்னும் இரண்டு பாக்கி இருக்கும்போது யாரோ சைக்கிள் மணியை அடிக்க, அத்தனையும் எழும்பிப் பறந்துவிட்டன. மணியடித்த மனிதரை வாயார வைதேன்.

ஸ்டுடியோவுக்கு வந்து ரோலை வெளியே எடுத்தபோதுதான் மேஜையில் கிடந்த நறுக்கிய நுனி கண்ணில் பட்டது. நான் வெட்டியது கசங்கலை அல்ல, மடிப்பை! அது போன வாரத்துக் கல்யாண ரோல்; அதன் மேலேயே வாத்துகளை எடுத்துவிட்டேன். மறுபடி நிற்கவைத்து எடுக்கலாம் என்றால், மாப்பிள்ளை லீவு முடிந்து மொரப்பூரில் ரயிலேறிப் பட்டாளத்துக்குப் போய்விட்டார். மணப்பெண்ணிடம் அவருடைய படம் வேறு ஒன்றுகூடக் கிடையாது. அன்று சாயங்காலம் படங்களை வாங்க வருவதாகச் சொல்லியிருந்தாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

கணவரிடம் சொன்னேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "கழுவிப் பாக்கலாம், வா" என்றார், அவ்வளவுதான். அவசரத்தில் மருந்தைச் சிந்தினேன்.

நெகடிவை வெளிச்சத்தில் பிடித்தோம். மணப்பெண் முகத்தில் வாத்து. தாலி கட்டும் கையில் வாத்து. பூசாரி மேல் இரண்டு. கடைசி இரண்டு படம் மட்டும் சுத்தமாக இருந்தன. அந்த சைக்கிள்காரர் மட்டும் மணியடிக்காமல் போயிருந்தால் அவற்றையும் தொலைத்திருப்பேன். ஒன்று பந்தி. இன்னொன்று கோயில் வாசலில் ஜோடி. அதிலும் மாப்பிள்ளை கண்ணை மூடியிருந்தார்.

சாயங்காலம் அவள் வந்தாள். கணவர் வாயைத் திறப்பதற்குள் நானே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, ஜோடிப் படத்தைக் கையில் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள்.

"கண்ணு மூடியிருக்குதுங்களேக்கா."

அவள் படத்தைச் சேலைத் தலைப்பால் மெல்லத் துடைத்தாள்.

"தூங்கறப்ப இப்படித்தாங்க இருப்பாரு. அஞ்சு நாளுதான் பாத்தேன். இதையே பெருசு பண்ணிக் குடுங்க."