உளவாளிப் படங்களில் ஏழு முறை செத்தேன்

1. பச்சை டிரஸ்

டப்பிங்கில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, மூன்று வரி பேசிவிட்டுச் சாவது.

வெளிநாட்டு உளவாளிப் பட வரிசை அது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு படம் வரும். நடிகர் மாறுவார், உளவாளி மாறமாட்டார். அதைத் தமிழில் டப் செய்து இங்கே வெளியிடுவார்கள். திருநின்றவூரிலிருந்து காலை லோக்கல் பிடித்துச் சென்னை ஸ்டுடியோவுக்குப் போனேன். வசனப் பேப்பரைக் கொடுத்தார்கள். வில்லனுக்குப் பெயர் இருந்தது. வில்லன் வளர்க்கும் நாய்க்கும் பெயர் இருந்தது. என் கேரக்டருக்கு நேராக ‘பச்சை டிரஸ்’ என்று எழுதியிருந்தது.

பச்சை டிரஸ் ஓட்டல் பாரில் ஹீரோவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். “நீங்க யாருன்னு எனக்குத் தெரியும்” என்று சொல்ல வேண்டும். அடுத்த லூப்பில் நீச்சல் குளத்தில் பிணமாக மிதக்க வேண்டும். லூப் என்பது டப்பிங்குக்காகத் துண்டு துண்டாக வெட்டிய காட்சி. அது திரையில் திரும்பத் திரும்ப ஓடும். வாயசைவுக்குப் பொருத்தமாக நாம் பேச வேண்டும்.

டப்பிங் டைரக்டர் சிவராமன் சார் அறையின் தடுப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மைக்கில் சொன்னார்: “சேதி வாசிக்கிற மாதிரி பேசாதம்மா. பாதி மூச்சு, பாதி பேச்சு. அவ்வளவுதான் இந்தப் படத்துல பொம்பளைங்க.”

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. தொழில் சொல்லிக்கொடுத்தார். நானும் கற்றுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அந்த வரிசையில் வந்த எல்லாப் படத்திலும் யாராவது ஒரு பெண்ணுக்கு நான்தான் குரல். சுடப்பட்டேன். விஷம் குடித்தேன். ஹெலிகாப்டரிலிருந்து விழுந்தேன். ஹீரோவுக்கு வந்த குண்டை ஒருமுறை நான் வாங்கிக்கொண்டு அவர் மடியில் செத்தேன். மொத்தம் ஏழு சாவு. சாகாமல் பிழைத்த பெண்களும் உண்டு. அவர்கள் கடைசிக் காட்சியில் படகில் ஹீரோவோடு சிரிப்பார்கள். அடுத்த படத்தில் அவர்களை யாரும் விசாரிக்க மாட்டார்கள். ஒரு படத்தில் நான் அணு விஞ்ஞானி. அந்த விஞ்ஞானி, பூட்டிய கதவை எப்படித் திறப்பது என்று ஹீரோவிடம் கேட்டாள்.

இதெல்லாம் எனக்கு அப்போது உறுத்தவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. முனகலுக்கும் அலறலுக்கும் என்னைத்தான் தேடினார்கள். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. “வசந்தியக் கூப்புடு, ஒரே டேக்ல செத்துடுவா” என்று சிவராமன் சார் சொல்லுவார். வீட்டில் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். பின்னால் சில வசனங்கள் உறுத்தியபோதும், வேலை போய்விடும் என்று கேட்டதில்லை.

2. ஏணி எங்கே?

சமீபத்தில் வந்த படத்தில் விஷயம் மாறியது. முதல் முறையாக என் கேரக்டருக்குப் பெயர் இருந்தது. வேலையும் இருந்தது. அவளும் உளவாளிதான், ஹீரோவைவிட மூத்தவள். படத்தின் முக்கியமான காட்சியில் ஹீரோ ஒரு கப்பலின் அடித்தளத்தில் மாட்டிக்கொள்கிறார். தீ, புகை, கண் தெரியாது. இவள் வேறொரு இடத்தில் கேமரா திரைகளைப் பார்த்துக்கொண்டு, வயர்லெஸ்ஸில் அவருக்கு வழி சொல்ல வேண்டும். ஒரிஜினலில் அவள் சொல்வது இவ்வளவுதான்: நில், இடது பக்கம் திரும்பு, நாலு அடி நட, கைக்கு ஒரு ஏணி வரும், ஏறு.

தமிழ்ப் பேப்பரில் அந்த இடத்தில் இப்படி இருந்தது: “ஐயோ, உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் எப்படி உயிரோட இருப்பேன்? எனக்காக எப்படியாவது வந்துடுங்க.”

அந்தக் காட்சியில் அவள் வாயை மறைத்துக்கொண்டு ஒரு மைக் இருக்கும். வாயசைவு தெரியாது. அதனால் என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்று எழுதியிருந்தார் சிவராமன் சார். வசனமும் அவர்தான்.

நான் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். “சார், அவ வழி சொல்றா. இதுல அழுவுறா.”

“தெரிஞ்சுதாம்மா எழுதுனேன். நம்ம ஆடியன்ஸுக்கு ஹீரோ ஒரு பொம்பள சொல்லச் சொல்ல நடந்தா ஒட்டாது. விசில் அடிச்சிக் கெடுத்துடுவான்.”

“அப்ப அவ படத்துல எதுக்கு சார் இருக்கா?”

“நீ குரல் குடு. கதைய நான் பாத்துக்கறேன்.”

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. “இத நான் பேசல சார்” என்றேன். சத்தமாகவும் சொல்லிவிட்டேன். இன்ஜினியர் சலீம் கன்சோலிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தான். சிவராமன் சார் கோபப்படவில்லை. பேப்பரை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, “சரி, போயிட்டு வா” என்றார். அது கோபத்தைவிடப் பயமாக இருந்தது.

பகல் ரயிலில் திரும்பினேன். அந்த நேரத்து ரயிலில் கூட்டம் இருக்காது. வில்லிவாக்கம் வரும்வரை என் பக்கம்தான் நியாயம் என்று நினைத்தேன். ஆவடி வந்தபோது என்ன முட்டாள்தனம் செய்தோம் என்று தோன்றியது. சத்தம் போட்ட ஆள் என்று பெயர் வந்துவிட்டால் வேறு ஸ்டுடியோவிலும் கூப்பிட மாட்டார்கள். டப்பிங் உலகம் சின்னது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். “பேசாம ரெண்டு நாள் வுடு” என்றார்.

இரண்டு நாள் பத்து நாளானது. போன் வரவில்லை. எனக்குப் பதிலாக இன்னொரு பெண் வந்து பேசிவிட்டுப் போனதாகத் தெரிந்தது.

பதினோராம் நாள் சலீம் பேசினான். “அக்கா, அந்தப் பொண்ணு பேசுன டிராக்க படக் கம்பெனிக்காரங்க திருப்பி அனுப்பிட்டாங்க. ஏணி எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்குறாங்க.”

எனக்குப் புரியவில்லை.

“அவ அழுவுறா. இவரு திடீர்னு இடது பக்கம் திரும்பி, நாலு அடி நடந்து, புகைக்குள்ள கைய வுட்டு ஏணியப் புடிக்கிறாரு. ஏணி இருக்குதுன்னு யாரு சொன்னது? ஒண்ணுமே விளங்கலன்னு எழுதி அனுப்பியிருக்காங்க.”

சிரித்தேன். கண்ணில் தண்ணீரும் வந்தது. பிறகு சிவராமன் சாரே பேசினார். “வந்து நீயே பேசிடும்மா. வசனத்தையும் ஒரு தடவ பாத்துக் குடு.” மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

3. சிவப்புக் கவுன்

நினைத்தது கிடைத்துவிட்டது. ஆனால் மைக் முன்னால் நின்றபோது எனக்கு அந்த வசனம் வரவில்லை.

“நில்லுங்க. இடது பக்கம் திரும்புங்க.” என்ன சொன்னாலும் மூச்சு கலந்துவிடுகிறது. கொஞ்சுவதுபோல் இருக்கிறது. மூச்சை அடக்கிக் கறாராகச் சொன்னால் வில்லி மாதிரி ஆகிவிடுகிறது. முப்பது டேக்குக்கு மேல் போனது. இத்தனை வருடத்தில் என் தொண்டைக்கு இரண்டே பெண்களைத்தான் தெரிந்திருந்தது. ஒருத்தி குழைவாள், இன்னொருத்தி கத்துவாள். பேப்பரை மாற்றச் சொல்லிச் சண்டை போட்ட நான், அந்தப் பேப்பரைப் போலவே ஆகியிருந்தேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“பூஜை லீவு முடிஞ்சு பாத்துக்கலாம்” என்றார் சிவராமன் சார். முகம் வாடியிருந்தது.

ஆயுத பூஜைக்குக் கும்மிடிப்பூண்டி போனேன். என் தங்கை பத்மா அங்கே ஒரு இரும்புக் கம்பித் தொழிற்சாலையில் கிரேன் ஆபரேட்டர். கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடும் பெரிய கிரேன். ஆபரேட்டர் மேலே ஒரு கூண்டில் உட்கார்ந்திருப்பார். அன்று ஒருநாள் மட்டும் குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள். வாழைக்கன்று, சந்தனம், பொரி, கொக்கிக்கு மாலை. பூஜை முடிந்ததும் கிரேனை ஒருமுறை ஓட்டிக் காட்டுவது வழக்கம். பத்மா மேலே ஏறிக் கம்பிக் கட்டு ஒன்றைத் தூக்கினாள். நாங்கள் எல்லோரும் கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே நின்றோம்.

கட்டு பாதி தூரம் வந்திருக்கும். சிவப்புக் கவுன் போட்ட ஒரு குழந்தை, பறந்துபோன பலூனைத் துரத்திக்கொண்டு கயிற்றுக்கு அடியில் புகுந்து உள்ளே ஓடியது. அதன் அம்மா அலறினாள். நாலு பேர் உள்ளே பாயப் பார்த்தார்கள்.

கிரேன் நின்றது. கட்டு மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரில் பத்மாவின் குரல் கேட்டது.

“யாரும் உள்ள வராதீங்க. பாப்பா, செவப்பு கவுனு. அங்கயே நில்லு. பக்கத்துல தூண் இருக்குது பாரு, அதப் புடிச்சிக்கோ. ஆ, அப்படித்தான். நான் மேலேருந்து பாத்துக்கினு இருக்கேன். இப்ப அம்மா மட்டும் செவுத்தோரமா வந்து தூக்கிக்கோங்க.”

குழந்தை தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது. அம்மா சுவரை ஒட்டி நடந்து வந்து அள்ளிக்கொண்டாள். பிறகுதான் கட்டு மீண்டும் நகர்ந்தது.

பத்மா கீழே இறங்கி வந்து ஒரு சொம்புத் தண்ணீரை முழுதாகக் குடித்தாள்.

“பயமா இல்லியாடி?” என்றேன்.

“பயந்தான்க்கா. இன்னா பண்றது? நான் கத்துனா அது ஓடும். எந்தப் பக்கம் ஓடும்னு எனக்கு எப்படித் தெரியும்? அது கண்ணுக்குத் தெரியாதது எனக்குத் தெரியுது. அத மட்டுந்தான் சொல்லணும்.” பிறகு, “ரொம்ப பேஜாரா பூட்சுக்கா இன்னிக்கி” என்று சொல்லி என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

கவரைப்பேட்டை தாண்டியபோது ரயிலில் உட்கார்ந்தபடியே வசனத்தைத் திருத்தினேன். பாதி வார்த்தைகளை அடித்தேன்.

லீவு முடிந்து மைக் முன்னால் நின்றபோது மூச்சைக் கலக்கவில்லை. ஹீரோவுக்குத் தெரியாதது எனக்குத் தெரிகிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். “நில்லுங்க. இடது பக்கம். நாலு அடி. கைய நீட்டுங்க, ஏணி இருக்கு. ஏறுங்க. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்.” கடைசி வாக்கியம் ஒரிஜினலில் இல்லை. வாயசைவு தெரியாத இடம் என்பதால் நானே சேர்த்தேன்.

சிவராமன் சார் அதை மூன்று முறை போடச் சொல்லிக் கேட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “இப்ப ஏணி தெரியுதும்மா” என்றார். எனக்கு உடம்பே லேசானது.

4. கும்மிடிப்பூண்டி மேட்னி

படம் வந்த ஞாயிற்றுக்கிழமை பத்மா, அவளோடு வேலை பார்க்கும் இரண்டு பெண்கள், நான், நாலு பேரும் கும்மிடிப்பூண்டியில் மேட்னி ஷோ போனோம். நான் பத்மாவிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. விசில் பற்றிச் சிவராமன் சார் சொன்னது மட்டும் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் இந்த வேலையில் என்னைவிடப் பழையவர். அவர் சொன்னது பலித்தால் என்ன செய்வது?

கப்பல் காட்சி வந்தது. அவள் பேச ஆரம்பித்ததும் பத்மா என் பக்கம் திரும்பினாள். இருட்டில் முகம் தெரியவில்லை. “அக்கா, இன்னாக்கா இது, நான் பேசுன மாதிரியே இருக்குது” என்றாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை.

திரையில் ஹீரோ புகைக்குள் தடுமாறினார். இடது பக்கம் போகாமல் வலது பக்கம் ஒரு அடி வைத்தார். அது ஒரிஜினலிலேயே உள்ளது.

பின்வரிசையிலிருந்து ஒரு ஆண்குரல் எரிச்சலோடு கேட்டது: “யோவ், அந்தம்மா சொல்றத கேளுய்யா.”

தியேட்டரே சிரித்தது. நான் அத்தனை நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். பேப்பர் கைக்கு வந்ததும் பேச ஆரம்பிக்காதீர்கள். காட்சியை ஒருமுறை சத்தமில்லாமல் ஓட்டச் சொல்லி, அந்தப் பெண் என்ன வேலை செய்கிறாள் என்று பாருங்கள். வசனம் அவள் வேலையைக் கெடுத்தால் டைரக்டரிடம் கேளுங்கள். கத்த வேண்டாம், நான் கத்தியது தப்பு. எனக்குக் கைகொடுக்க ஓர் ஏணி இருந்தது, எல்லாருக்கும் இருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும், கேட்டால் இந்த வேலையே போய்விடும் என்று எத்தனையோ வருடம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறேன். கேட்டபோது பத்து நாள் வீட்டில் இருக்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.