கரைச்சுவரில் ஓர் ஈரக்கோடு

சென்ற ஆண்டு தைப்பூசம் முடிந்த மறுவாரம் அது. காவடி பார்க்க நடந்த கால்வலிகூட இன்னும் ஆறவில்லை. ஈப்போவில் ஒரு கடைவரிசையின் மாடியில் இருந்த பயண ஏற்பாட்டு அலுவலகத்தில், நானும் என் வீட்டுக்காரரும் ஒரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஐரோப்பாவில் ஆற்றில் ஓடுகிற கப்பலில் எட்டு நாள் போய்வர இடம் பிடிப்பதற்காக வந்திருந்தோம். எனக்கு அறுபத்தொன்பது வயது. படிப்பு, ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் வராது. கோயில் கூட்டத்தில்கூடத் தூண் பக்கமாகப் பார்த்து உட்காருகிறவள் நான்.

எங்களுக்கு ஏன் இந்த ஆசை என்று கேட்பீர்கள். ஆசை அவருடையது. தோட்டம் விற்றுப்போனதும் நாங்கள் ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டுக்கு வந்துவிட்டோம். அதிலிருந்து அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். ஓய்வு பெற்ற அன்று, "இத்தன வருசம் ஊரையே வச்சு நான் ஓட்டுனேன். ஒரு வாட்டியாச்சும் என்னைய வச்சு யாராவது ஓட்டட்டும்லா. நான் சும்மா உக்காந்து வேடிக்க பாக்கணும்" என்றார். கப்பலில் போகவேண்டுமாம். ஆனால் கடல் அவருக்கு ஆகாது. பங்கோர் தீவுக்குப் போகிற அரைமணி நேரப் படகிலேயே அவர் பட்ட பாட்டைப் பார்த்து, பக்கத்தில் இருந்த சீனத்துப் பாட்டி தன் தைலப் புட்டியையே கொடுத்துவிட்டாள். தஞ்சோங் மாலிமில் வேலை பார்க்கிற எங்கள் மகள்தான் இந்த யோசனையைச் சொன்னாள். "ஆத்துக் கப்பல்ப்பா. ஆட்டமே இருக்காது. ரெண்டு பக்கமும் கரை தெரியும்."

அவள் கொண்டுவந்து போட்ட விளம்பரப் புத்தகங்கள் எங்கள் சாப்பாட்டு மேசையில் மூன்று வாரம் கிடந்தன. சாம்பார்ச் சட்டியை வைக்க இடமில்லை. அவர் தினமும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தார். கடைசியில் டான்யூப் என்கிற ஆற்றில், ஆகஸ்டு மாதம் போகிற கப்பல் என்று முடிவு செய்தார். அறை, கப்பலின் அடித்தளத்தில். "தூங்கத்தானே ரூம்பு? அதுக்கு எதுக்கு மேல் மாடி?" என்றார். என்னிடமும் கேட்டார். நான், "ஒங்க இஷ்டம்" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்லிவந்த பதில் அதுதான்.

இந்த இடத்தில் எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு மேசைக்கு முன்னால் பேச்சு வராது. ஆபீஸ் கிராணி காகிதத்தைப் பார்த்துக்கொண்டே என்ன சொன்னாலும், "சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, அதன்பிறகுதான் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம், அவர் என்ன சொன்னார் என்று. எங்களை வேலை வாங்கிய தண்டலே கிராணி மேசைக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் நிற்பார். தோட்டம் போய் எத்தனையோ வருடமாகிவிட்டது. அந்தத் தலையாட்டல் மட்டும் எங்களோடு பஸ் ஏறி வந்துவிட்டது.

அன்றும் அதேதான். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நம் தமிழ்ப் பெண், நாற்பது வயதிருக்கும். நல்ல மாதிரிதான். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டி, கடகடவென்று சொல்லிக்கொண்டே போனார். அவர் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரர் தலையாட்டினார். அவர் ஆட்ட ஆட்ட நானும் ஆட்டினேன். ஆனால் என் கண் மட்டும் விரித்துவைத்திருந்த புத்தகத்தின் ஒரு படத்திலேயே நின்றுவிட்டது. வெள்ளைக் கப்பல் ஒன்று ஊர்க்கரையோரம் நிற்கிற படம். எல்லோரும் கப்பலைப் பார்ப்பார்கள். நான் பார்த்தது பின்னால் இருந்த கருங்கல் சுவரை. தண்ணீர் மட்டத்துக்கு மேலே, ஓர் ஆள் உயரத்துக்கு, சுவரில் ஒரு கறுத்த கோடு ஓடியது. அதற்குக் கீழே பாசி. அதற்கு மேலே வெளுத்த கல்.

அந்தக் கோட்டை எனக்குத் தெரியும். நாங்கள் இருந்த தோட்டம் கோலா கங்சார் பக்கம், பேராக் ஆற்றங்கரையில். பள்ளிக்கூடம் அக்கரையில். சம்பான் படகில்தான் போய்வருவோம். படகுத்துறைக் கால்களில் அப்படித்தான் கோடு இருக்கும். மழைக்காலத்தில் தண்ணீர் கோட்டைத் தொடும். பால்மரம் இலை உதிர்க்கிற மாதங்களில் கீழே கீழே இறங்கி, நடு ஆற்றில் மணல் முதுகு காட்டும். சம்பான் தட்டி நின்றுவிட்டால், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, புத்தகப் பையைத் தலையில் வைத்து இறங்கி நடப்போம். ஆறு என்றால் ஏறும், இறங்கும். அது வெள்ளைக்காரன் ஊர் ஆறாக இருந்தால் மட்டும் இறங்காதா?

கேட்கவேண்டும் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வந்து கையெழுத்துப் போடுவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டோம். படி இறங்கும்போது அவர் பாதியில் நின்று, கைத்தொலைபேசியை எடுத்துப் பார்த்தார். ஏறும்போதும் அதே படியில் நின்று பார்த்தார். தொலைபேசி ஒன்றும் மணி அடிக்கவில்லை. அவருக்கு வலது முழங்கால் ஒரு வருடமாகச் சரியில்லை. பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது என்று மறைக்கிறார். நான் தெரியாததுபோல் இருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும், மீன் கழுவிக்கொண்டே மெதுவாகக் கேட்டேன், ஆகஸ்டில் அந்த ஆற்றில் தண்ணீர் இருக்குமா என்று. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எஞ்சின் வச்சுக் கப்பல் விடுறவனுக்குத் தெரியாதது, சம்பான்ல போன ஒனக்குத் தெரிஞ்சிருச்சாலா?" என்றார். கோபமில்லை, கேலிதான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. மகளுக்குப் போன் செய்து, நீ கேளேன் என்றேன். "நான் கேட்டா அவங்க எனக்குப் பதில் சொல்லுவாங்க. போறது நீதானே? நீயே கேளும்மா. கேட்டா யாரும் அடிக்கமாட்டாங்க" என்று வைத்துவிட்டாள். பெற்ற பிள்ளை இப்படிப் பேசுகிறாளே என்று அன்று முழுவதும் அவள்மேல் வருத்தம்.

வெள்ளிக்கிழமை வந்தது. மறுபடியும் அந்த மேசை. அந்தப் பெண் காகிதங்களை அடுக்கி, பேனாவை அவர் கையில் கொடுத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். முகம் பளிச்சென்று இருந்தது, கல்யாண மாப்பிள்ளை மாதிரி. அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் வந்தது. இந்த மனிதர் வாழ்க்கையில் தனக்கென்று கேட்டது இந்த ஒன்றைத்தான். அங்கே போய்த் தண்ணீரில்லாமல் கப்பல் நின்றுவிட்டால்? முட்டி மடங்காமல் அடித்தள அறையிலேயே எட்டு நாளும் கிடந்துவிட்டால்? இவர் யாரிடமும் சொல்லமாட்டார். வீட்டுக்கு வந்து, நல்லாத்தான் இருந்துச்சு என்பார். இப்போது நான் வாயைத் திறக்காவிட்டால், அந்தப் பொய்யைக் காலம் முழுக்க நான் கேட்கவேண்டும்.

"கொஞ்சம் இருங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னேன். பேனா நின்றது.

"என்ன ஆண்டி?" என்றார் அந்தப் பெண்.

"ஆகஸ்டு மாசத்துல அந்த ஆத்துல தண்ணி எறங்குமா? எறங்குனா கப்பல் என்னாம்மா செய்யும்?"

அவர் சிரித்தார். "அது ரொம்பப் பெரிய ஆறு ஆண்டி. அதெல்லாம் வத்தாது." என் வீட்டுக்காரர் என் காலை மிதித்தார். நான் புத்தகத்தை இழுத்து, அந்தப் படத்தைத் தேடி எடுத்து, கருங்கல் சுவரில் விரலை வைத்தேன். "இந்தக் கோட்டப் பாரும்மா. தண்ணி இது வரைக்கும் ஏறியிருக்கு. படம் பிடிச்ச அன்னிக்கு இங்க எறங்கி நிக்கிது. இன்னும் எறங்காதா?"

அந்தப் பெண் படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. "ஒரு நிமிசம் ஆண்டி" என்று கோலாலம்பூரில் இருக்கிற அவர்கள் தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தார். நான் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் இருக்கும். போனை வைத்துவிட்டு அவர் மறைக்காமல் சொன்னார். கோடையின் கடைசியில் சில வருடம் தண்ணீர் குறையுமாம். அப்போது கப்பல் ஓரிடத்தில் நின்றுவிடும், ஊர்களைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோய்க் காட்டுவார்களாம். ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. "இத்தன பேரு புக் பண்ணிட்டாங்க, ஒருத்தர்கூட இதக் கேட்டதில்ல ஆண்டி" என்றார்.

பஸ் என்ற சொல்லைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! முப்பது வருடம் பஸ் ஓட்டியவர், ஐரோப்பாவுக்குப் போய் பஸ்ஸில் உட்காருவதா? பேனாவை மேசையில் வைத்துவிட்டார்.

வாய் திறந்தது திறந்ததுதான், மூடவில்லை. "இன்னொன்னு. கப்பல்ல லிப்டு இருக்குன்னீங்க. அடித்தளம் வரைக்கும் வருமா?" என்றேன். அந்தப் பெண் கம்ப்யூட்டரில் தேடினார். வராது, கீழ்த்தளத்துக்குப் படி மட்டும்தான். "அப்ப எனக்கு ஆவாது. எனக்கு முட்டி வலி. படி சூசா, ஏறி எறங்கக் கஷ்டம்" என்றேன்.

என் முட்டியில் ஒரு வலியும் கிடையாது. இன்றைக்கும் சப்பணம் போட்டு உட்கார்ந்து எழுந்திருப்பேன். என் வீட்டுக்காரருக்கு அது தெரியும். திரும்பி என்னைப் பார்த்தார். நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்தப் பெண்ணிடம், "ஆமாமா, அவளுக்கு முட்டி வலி. மேல் தளத்துலயே போடுங்க" என்றார். மேசைக்குக் கீழே அவர் கை தன் வலது முட்டியைத் தடவிக்கொண்டிருந்தது.

எந்த மாதம் நல்லது என்று நானே கேட்டேன். மே மாதம் தண்ணீர் இருக்கும், ஆனால் மலைப் பனி உருகி அளவுக்குமேல் ஏறிவிட்டாலும் கப்பல் பாலத்துக்கு அடியில் போகமுடியாது என்றார் அந்தப் பெண். ஆற்றை யார் கட்டுப்படுத்த முடியும்? மே என்றே முடிவு செய்தேன். கிடைத்த துணிச்சலில் பால்கனி வைத்த அறையும் கேட்டேன். முதல் பயணி என்கிற இடத்தில் அந்தப் பெண் என் வீட்டுக்காரர் பெயரை எழுதப் போனபோது, அவர் தடுத்தார். "அவ பேர மொதல்ல எழுதும்மா. தண்டலம்மா சொல்லிட்டாங்க, நான் வேலைக்குப் போறவன்." மூவரும் சிரித்தோம். நான் நிதானமாகத் தமிழில் கையெழுத்துப் போட்டேன். படி இறங்கும்போது அவர் தொலைபேசியை எடுக்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். "ஒனக்கு முட்டி வலி, பாத்து எறங்கு" என்றார்.

மே மாதம் போனோம். கப்பலில் அறைச் சாவி அட்டையை என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். நான் பிடிவாதமாக வாங்கிய பால்கனியின் கதையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் நாள் காலையில் திரையை விலக்கினால் ஆற்றைக் காணோம். கை நீட்டும் தூரத்தில் இன்னொரு கப்பலின் பால்கனி, அதில் ஒரு வெள்ளைக்கார அம்மா தூக்க உடையில் பல் துலக்கிக்கொண்டு நிற்கிறார். கரையில் இடம் போதாவிட்டால் கப்பல்களை ஒட்டி ஒட்டிக் கட்டுவார்களாம். அதை நான் கேட்கவில்லையே! "இதுக்கும் ஏதாச்சும் கோடு தெரிஞ்சிச்சாலா?" என்று அவர் ஒரு நாள் முழுக்க என்னை ஓட்டினார். அந்த அம்மாவுக்கு நான் கம்பிக்கு மேலே கை நீட்டி முறுக்கு கொடுத்தேன். நொறுக்கென்று கடித்து, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

மற்ற நாளெல்லாம் ஆறு நிறைய தண்ணீர். அவர் மேல்தளத்து நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கரையையும் மாறி மாறிப் பார்த்தபடி வந்தார். ஒரு வாந்தி இல்லை. ஒரு நாள், "நல்லா ஓட்டுறான்லா" என்றார். ஓட்டுநர் சொன்னால் அது பெரிய பட்டம்.

ஓர் ஊரில் இறங்கியபோது, படத்தில் பார்த்த மாதிரியே கருங்கல் சுவர். தண்ணீர் ஏறியிருந்ததால் கரைப் படியின் மேல்கட்டில்தான் நிற்க முடிந்தது, கோடு என் முழங்கை உயரத்தில் இருந்தது. தொட்டுப் பார்த்தேன், பாசி வழுக்கியது. கூட வந்தவர்கள் எல்லாம் கோபுரத்தைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, என் வீட்டுக்காரர் என்னைச் சுவரில் விரல் வைத்து நிற்கச் சொல்லி எடுத்தார். அந்தப் படம்தான் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள், ஐரோப்பா போய்ச் சுவரையா எடுத்தீர்கள் என்று கேட்பார்கள். அவர் உடனே கதையைத் தொடங்கிவிடுவார். முட்டி வலியை மட்டும் இன்றைக்கும் என்னுடையதாகவே சொல்வார்.

அந்த ஆகஸ்டில் ஆறு இறங்கியதா என்று நான் விசாரிக்கவில்லை. இறங்காமலும் இருந்திருக்கலாம். எனக்கு அதைப்பற்றிக் கவலையில்லை. இப்போது ஆஸ்பத்திரியிலோ பேங்கிலோ யாராவது ஒரு மேசைக்கு அந்தப் பக்கமிருந்து கடகடவென்று சொல்லும்போது என் தலை பழையபடி ஆடத்தான் தொடங்குகிறது. ஆனால் அந்த ஈரக்கோடு நினைவுக்கு வந்ததும் தலையை நிறுத்திவிட்டு, "கொஞ்சம் இருங்க" என்கிறேன், ஆறாம் வகுப்போடு நின்றவளுக்கும் தெரிந்தது ஒன்று உண்டு என்கிற பெருமையோடு.