ஒன்பது மணி மிட்டாய்

எனக்குப் பயிற்சி வகுப்பு என்றாலே ஆகாது. நடத்துகிறவளே இப்படிச் சொல்லலாமா என்று கேட்டால், நடத்துகிறவள்தான் சொல்ல முடியும். உட்கார்ந்திருப்பவர்களாவது கண்ணைத் திறந்துகொண்டே தூங்கலாம், எனக்கு அந்த வசதியும் இல்லை. அதனால் பழவேற்காட்டு ஏரிக்கரையில் எச்.ஐ.வி. மருந்து கொடுப்பவர்களுக்கு வகுப்பு எடுக்கப் போகச் சொன்னபோது, முதல் காரியமாக ப்ரொஜெக்டரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். ரிப்பேர் என்று சொல்லிக்கொண்டேன். யாரும் வருத்தப்படவில்லை.

அனுப்பம்பட்டில் ரயிலேறி, பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடித்துப் போக வேண்டும். வகுப்புக்குக் கொடுத்திருந்த இடம் புயலுக்கு ஒதுங்குவதற்காகக் கட்டிய கட்டடம். புயல் இல்லாத நாளில் அங்கே கருவாடு காயும், கல்யாணம் நடக்கும். நிறையப் பேர் வருவார்கள் என்றார்கள். வந்தது நான்கு பேர்.

ஒருவர் அந்தப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியின் மருந்தாளுநர். இன்னொருவர் கிராம சுகாதார நர்ஸ். மூன்றாவது, பஜாரில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் பாய். இருமலும் காய்ச்சலுமாக யாருக்கு வந்தாலும் முதலில் அவர் கடையில்தான் வந்து நிற்பார்கள் என்பதால் அவரையும் கூப்பிட்டிருந்தார்கள். நான்காவது, குப்பம் குப்பமாகப் போய் மருந்து எடுப்பவர்களைப் பார்த்துவரும் களப்பணிப் பெண். அவள் மற்றவர்களுக்கு முன்னாலேயே வந்து, படிக்கட்டில் எனக்காகக் காத்திருந்தாள்.

"அக்கா, நீ இன்னா வேணா சொல்லிக்குடு. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் ஆவணும். அந்த ஜன்னலாண்ட நிக்கிற சாரு மாறணும்" என்றாள்.

விஷயம் இதுதான். ஒரு குப்பத்தில் ஒருவர் மருந்தை நிறுத்திவிட்டார். நாற்பது வயதுக்காரர், வலை கட்டுகிறவர். பேரை அவள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. மருந்து வாங்க வரவேண்டிய தேதியில் இரண்டு தடவை வரவில்லை. பிறகு வந்தபோது ஆஸ்பத்திரி ஜன்னலில், பின்னால் பத்துப் பேர் நிற்க, "மீனு முக்கியமா உயிரு முக்கியமா? மாத்திரைய முழுங்கக்கூட உனக்கு ஆள் வெக்கணுமா?" என்று நம்ம மருந்தாளுநர் சார் கேட்டிருக்கிறார். வந்தவர் அப்படியே திரும்பிப் போனவர்தான். கொஞ்ச நாளாக உடம்பு இளைத்துக்கொண்டு வருகிறது, சட்டை தொளதொளவென்று நிற்கிறது என்று அவள் சொன்னாள்.

"ஏன் வரலையாம்?"

"அன்னிக்கு அவரு பாடுக்கா."

ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்று ஊர் கூடி முறை வைத்திருக்கிறார்கள். அதற்குத்தான் பாடு என்று பெயர். தன் முறை நாளில் ஒருவன் தண்ணீரில் இறங்கவில்லை என்றால், ஏன் இறங்கவில்லை என்று ஊரே கேட்கும். ஆஸ்பத்திரிக்குப் போனேன் என்றால், எதற்கு என்று கேட்கும். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் மனிதர் மருந்தை விட்டிருக்கிறார்.

"திரும்ப மாத்திரை முழுங்கலைன்னா தாங்க மாட்டாருக்கா. ஆனா அந்த ஜன்னலுக்கு நான் வர மாட்டேன்னு ஒரே புடியா கீறாரு" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்குச் சத்தம் வராது, குசும்புதான் வரும். என் வீட்டுக்காரருக்கு இது நன்றாகத் தெரியும்.

வகுப்பில் மருந்தாளுநர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சட்டையில் ஒரு மடிப்புக் கலையவில்லை. வேலையில் கெட்டி; எந்த மருந்து எங்கே இருக்கிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுப்பார். தினமும் ஒரே நேரத்தில் விடாமல் மருந்து எடுப்பது நோயாளிக்கு ஏன் கஷ்டமாக இருக்கிறது என்று நான் கேட்டதும், அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதுல கஷ்டம் இன்னா கீது மேடம்? ராத்திரி ஒரு மாத்திரை. சோறு துன்ன மறக்கறானா? பீடி பத்த வெக்க மறக்கறானா? எல்லாம் திமிரு."

"சரிதான் சார்" என்றேன். பையைத் திறந்தேன்.

பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் வாங்கிய ரோஸ் மிட்டாய் அதில் இருந்தது. புளியங்கொட்டை அளவில், சாயம் தோய்த்தது. ஒன்றை வாயில் போட்டால் கொஞ்ச நேரத்துக்கு நாக்கு வெற்றிலை போட்ட மாதிரி இருக்கும். மருந்து வரும் அதே வெள்ளை பிளாஸ்டிக் பாட்டில்களைக் கழுவிக் காயவைத்து அதில் நிரப்பியிருந்தேன். ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். எனக்கும் ஒன்று.

"அடுத்த வகுப்புக்கு ரெண்டு வாரம் இருக்கு. தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒண்ணு. விடக் கூடாது. வீட்டில் ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சாலும் எதுக்குன்னு சொல்லக் கூடாது. மிச்சத்தோட பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவரணும்."

மருந்தாளுநர் பாட்டிலைக் கையில் வாங்கி ஆட்டிப் பார்த்தார். கடகடவென்று சத்தம் கேட்டது. "சின்னப் பசங்க விளையாட்டு" என்றார்.

முதலில் தோற்றது நான்தான். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. வீட்டில் இனிப்பு எங்கே ஒளிந்திருந்தாலும் மோப்பம் பிடித்துவிடுவார். கைப்பைக்குள் இருந்த என் இரண்டு வார மருந்தை ஒரே ராத்திரியில் காலி செய்துவிட்டு, காலையில் ஒன்றும் தெரியாதவர் மாதிரி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று சொல்லக் கூடாது என்ற விதியை நானே போட்டிருந்ததால், அவரைத் திட்டக்கூட முடியாமல் போயிற்று. எனக்கு அதுதான் ஆற்றாமை.

பிறகு போன் வர ஆரம்பித்தது. நர்ஸ் பாட்டிலை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்திருக்கிறாள். அரிசி அளக்கப் போன மாமியார் கையில் அது அகப்பட்டுவிட்டது. இரண்டாவது பிள்ளை வேண்டாம் என்று மருமகள் திருட்டுத்தனமாக மாத்திரை சாப்பிடுகிறாள் என்று மாமியார் முடிவு கட்டி, மகனைக் கூப்பிட்டு வைத்துப் பேசியிருக்கிறார். "மிட்டாய்னு கடிச்சே காட்டினேன் மேடம். மிட்டாய எதுக்குடி அரிசில ஒளிச்சு வெச்சேன்னு கேக்கறாங்க. நான் இன்னா சொல்றது?" என்று அழாத குறையாகக் கேட்டாள்.

பாய் தினமும் ஒன்பது மணிக்கு மொட்டை மாடிக்குப் போயிருக்கிறார். நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்த அவர் மனைவி, ஒரு நாள் பின்னாலேயே படியேறிவிட்டார். இருட்டில் கணவர் அவசரமாக எதையோ பாக்கெட்டில் ஒளிப்பதைப் பார்த்து, போன்தான் என்று நினைத்திருக்கிறார். யாரோடு பேசினீர்கள் என்று ஒரே கேள்வி. "பேஜாராப் போச்சு மேடம். உண்மைய சொல்லிட்டேன். இல்லாட்டி காலைல மச்சானுங்க வந்து நின்னிருப்பாங்க. உண்மைய சொன்னா அத நம்ப மாட்டேங்குது. ட்ரெயினிங்குல மிட்டாயா குடுப்பாங்கன்னு கேக்குது."

மருந்தாளுநரிடமிருந்து மட்டும் போன் வரவில்லை. களப்பணிப் பெண்தான் நடுவில் ஒருநாள் பேசினாள். மிட்டாயை அவள் ஒழுங்காகத்தான் எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கவலை அந்த வலை கட்டுகிறவரைப் பற்றி.

"அந்தாளுக்கு இருமல் ஆரம்பிச்சிடுச்சிக்கா. நம்ம இங்க மிட்டாய் துன்னுகினு கீறோம்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பாயிடம் சொல்லி, இருமலுக்கு மருந்து கேட்டு வந்தால் வெறும் சிரப்பைக் கொடுத்து அனுப்பாமல் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னேன். அதற்கு மேல் அந்த வாரம் என்னால் ஆனது ஒன்றும் இல்லை.

இரண்டாம் வகுப்பன்று காலை பத்து மணிக்கு எல்லோரும் பாட்டிலை மேஜையில் வைத்தார்கள். நர்ஸும் பாயும் தோற்ற கதையைச் சொல்லிச் சிரித்தார்கள். என் கதையைச் சொன்னதும் இன்னும் சிரித்தார்கள். மருந்தாளுநர் சிரிக்கவில்லை. தன் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். எண்ணிப் பார்த்தேன். மிச்சம் இருக்க வேண்டிய எண்ணிக்கை சரியாக இருந்தது.

"ஒரு நாள்கூட விடலையா சார்?"

"மனசு வெச்சா முடியும் மேடம்" என்றார். சொல்லும்போது வாயை அதிகம் திறக்கவில்லை. எனக்கு அங்கேதான் பொறி தட்டியது.

"சார், கொஞ்சம் நாக்கை நீட்டுங்க."

"எதுக்கு?"

"எல்லாரும் நீட்டுங்க. நானும் நீட்டறேன்."

புயல் கட்டடத்தில் ஐந்து பேர் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றோம். வெளியே வலை உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, வேலையைப் போட்டுவிட்டு நின்றார்கள். எங்கள் நாக்கெல்லாம் நாக்கின் நிறத்தில் இருந்தன. அவருடையது மட்டும் செக்கச் செவேலென்று இருந்தது. முந்தின நாள் ராத்திரி தின்ற ஒரு மிட்டாயின் சாயம் காலை பத்து மணி வரைக்கும் நிற்காது. விட்டுப்போனதையெல்லாம் வரும் வழியில் சேர்த்து மென்றிருக்கிறார்.

அவர் உட்கார்ந்தார். கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். அதிலும் சிவப்பு ஒட்டியது. இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தானே எல்லாம் என்று நான் நினைத்திருந்தேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குக் குசும்பு போய்விட்டது.

"எளாவூர்ல ஒரு கல்யாணம் மேடம்" என்று மெதுவாக ஆரம்பித்தார். "பாக்கெட்ல வெச்சிகினு போனேன். நடந்தா கடகடன்னு சத்தம். மச்சினிச்சி வூட்டுக்காரரு இன்னா சகல அதுன்னு கேட்டாரு. பல்லுக்குன்னேன். பல்லுக்கு இன்னா மாத்திரைன்னு எடுக்க வந்தாரு. கொண்டுபோயி பைக்ல வெச்சிட்டேன். ராத்திரி எல்லாரும் ஒரே ஹால்ல படுத்தோம். எப்டி எடுக்கறது? மறுநாளும் அங்கதான். அப்பறம் வூட்டுக்கு வந்தும் ஒருநாள் மறந்துட்டேன். சோறு துன்னேன். மிட்டாய மறந்துட்டேன்."

"தூக்கிப் போட்டிருக்கலாமே சார், ஏன் தின்னீங்க?" என்று நர்ஸ் கேட்டாள்.

"பஸ்ல பக்கத்துல தெரிஞ்சவரு. மிட்டாய ஜன்னலுக்கு வெளிய எறிஞ்சா இன்னா நெனப்பாரு?"

"விட்டுட்டேன்னு எங்ககிட்ட சொல்லியிருக்கலாம்" என்றேன். "நான் திட்டியிருக்க மாட்டேன்."

"திட்ட மாட்டீங்க. ஆனா ஒரு பார்வை பாப்பீங்க பாருங்க மேடம். அதுக்கு பயந்துதான்."

  களப்பணிப் பெண் தன் பாட்டில் மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"அவரும் இதான் சார் சொன்னாரு" என்றாள்.

யார் என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. சிவப்புப் பட்ட கைக்குட்டையை மடித்துப் பாக்கெட்டில் வைத்தார். பிறகு அவளிடம், "இந்த நாக்கு கதைய அவருகிட்ட சொல்லு" என்றார்.

"நிஜமாவா சார்?"

"அவரு ரகசியம் என்கிட்ட கீது. என்னுது ஒண்ணு அவருகிட்ட இருக்கட்டும். சிரிச்சா சிரிச்சிட்டு போறாரு."

அந்த ஒரு வார்த்தைக்காக அவர் மேல் இருந்த கோபமெல்லாம் எனக்குத் தீர்ந்துவிட்டது. அன்றைக்கு அவரை எனக்கு ரொம்பப் பிடித்தது.

சில நாள் கழித்து, சொல்லிக்கொடுத்தது நடக்கிறதா என்று பார்க்க அவர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருந்து அலமாரிக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, காலாவதி தேதிகளைப் பார்க்கிற மாதிரி பாவனை செய்துகொண்டிருந்தேன். மத்தியானம், வரிசையெல்லாம் கலைந்த பிறகு, ஜன்னலுக்கு ஒருவர் வந்தார். சட்டை தொளதொளவென்று நின்றது. கொஞ்சம் தள்ளி, வராண்டா தூணுக்குப் பக்கத்தில் களப்பணிப் பெண், யாரையோ பார்க்க வந்தவள் மாதிரி வேறு பக்கம் திரும்பி நின்றாள். டாக்டரைப் பார்த்து, சளிப் பரிசோதனைக்கும் கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள்.

வந்தவர் ஜன்னல் கட்டையில் கை வைத்தார். தலையைத் தூக்கவில்லை.

"நடுவுல வுட்டுட்டேன் சார்" என்றார்.

 மருந்தாளுநர் எட்டி வராண்டாவின் இரண்டு பக்கமும் பார்த்தார். குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"நானுந்தாம்பா."

வந்தவர் அப்போதுதான் நிமிர்ந்தார். வாயோரத்தில் சிரிப்பு வந்து, அதை அடக்கிக்கொண்டார்.

"உன் பாடு அடுத்து என்னிக்கு வருது?" என்று மருந்தாளுநர் கேட்டார். அவர் சொன்னார். அதற்கு முந்தின நாளாகப் பார்த்து அடுத்த தேதி எழுதினார். பிறகு பாட்டிலைத் திறந்து, பஞ்சை உருட்டி மேலே வைத்து அழுத்தி மூடினார். பஞ்சு ஏரிக் காற்றில் ஈரம் இழுக்கும், அடிக்கடி மாற்றச் சொல்லுங்கள் என்று அலமாரிக்குப் பின்னாலிருந்து நான் குறுக்கே பேசினேன். "கேட்டியா, மாத்திக்கோ" என்றார் அவர்.

வந்தவர் பாட்டிலைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். சத்தம் வரவில்லை. மறுபடியும் ஆட்டினார். மடியில் செருகிக்கொண்டு நடந்தார். படி வரைக்கும் போனவர் திரும்பி வந்து ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தார்.

"சார், ஒருக்கா நாக்க காட்டு."

மருந்தாளுநர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் காலாவதி தேதியைப் படித்துக்கொண்டிருந்தேன். அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், ஜன்னலைப் பார்த்து நின்றார், நாக்கை நீட்டினார்.