நான் அழித்த பின்னூட்டங்கள்

இதைச் சொல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ஓய்வுபெற்ற பிறகு வலைப்பூ எழுதி வருகிறேன். ஆவடி தொழிற்சாலையில் நான் செய்த பாகங்களைச் சோதித்த இன்ஸ்பெக்டரே என் பதிவுகளையும் சோதித்தார். "நைனா, மூணாவது பாராவுல ஒரு போல்ட் லூசா கீது" என்று எல்லோரும் பார்க்கப் பின்னூட்டம் போடுவார். எனக்கு எரியும். பின்னூட்டப் பெட்டி சரியில்லை என்று சாக்குச் சொல்லி இரண்டு தளங்கள் மாறினேன். அங்கேயும் வந்தார். மூன்றாவது முறை மாறும்போது, பழைய பின்னூட்டங்களும் வேண்டுமா என்று தளம் கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன். பழைய தளங்களையும் அழித்துவிட்டேன்.

அடுத்த மாதம் அவர் இறந்துபோனார். கொரட்டூரிலிருந்து அவர் மகள் வந்தாள்.

"அங்கிள், அப்பா வேற எங்கயும் ஒரு வரி எழுதி வெக்கல. உங்க பிளாக்ல எழுதுனத எடுத்துக் குடுங்களேன்."

"தளம் மாத்தும்போது அழிஞ்சிடுச்சும்மா."

"அதுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க அங்கிள்? உங்க பதிவெல்லாம் பத்திரமா இருக்குல்ல?"

இருந்தன. அவர் சொல்லி நான் திருத்திய வரிகளோடு.

இந்தப் பதிவை அவளுக்கு அனுப்பப் போகிறேன். கீழே பெட்டி திறந்திருக்கிறது. அவள் என்ன எழுதினாலும் அழிக்கமாட்டேன்.