தபாலாபீஸைத் தாண்டாத வண்டி

பார்சல் அக்காவின் வண்டிக்கு என்ன நோய் என்று அந்த ஊரில் ஒருவருக்கும் பிடிபடவில்லை. காலையில் சொன்ன பேச்சு கேட்கும். பத்து நிமிஷம் சமர்த்தாக ஓடும். இன்ஜின் சூடேறியதோ இல்லையோ, பின்னால் கறுப்புப் புகை, பெட்ரோல் நாற்றம், நாலு குலுக்கல், அவ்வளவுதான், நடுரோட்டில் படுத்துவிடும். ஒரு மணி நேரம் ஆறப் போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி கிளம்பும். மனுஷராக இருந்தால் முதுகில் ரெண்டு வைக்கலாம். வண்டியை என்ன செய்வது?

தபாலாபீஸில் பார்சல்களை எடை போட்டு ரசீது கொடுக்கும் ஜன்னலில் பாதி ஆயுளைக் கழித்தவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். வண்டி அவள் புருஷனுடைய பழைய கார். அவர் மருந்து கம்பெனி விற்பனையாளர். மாத்திரைப் பெட்டிகளைப் பின்னால் அடுக்கிக்கொண்டு ஊர் ஊராக டாக்டர்களைப் பார்க்கப் போகிறவர். போகிற வழியில் அவளைத் தபாலாபீஸ் வாசலில் இறக்கிவிடுவார். சாயங்காலம் அவள் பஸ்ஸில் வந்துவிடுவாள். அவர் வரும்போது இருட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை எங்கேயாவது போகலாமா என்று கேட்டால், "வாரம் பூரா அதுலதானே குப்பை கொட்டுறேன், இன்னிக்காவது விடேன்" என்று போர்வையை இழுத்து மூடிக்கொள்வார்.

போன வருஷம் ஒரு மத்தியானம், ஏதோ ஒரு டாக்டரின் வாசலில் தன் முறைக்காக உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். உள்ளே டாக்டர் இருந்தும் பிரயோஜனமில்லை. கொஞ்ச நாளில் அவளை ஊரின் மறுகோடியில் இருக்கும் பெரிய ஆபீஸுக்கு மாற்றிவிட்டார்கள். அந்தப் பக்கம் நேர் பஸ் கிடையாது. சரி போகட்டும் என்று அந்த வயசில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கினாள்.

பழகியதெல்லாம் புது வண்டியில். அதனால் என்ன? அவர் வண்டியை ஓட்ட அவளுக்கு இன்னொருத்தர் சொல்லித்தர வேண்டுமா? கல்யாணமான நாளிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள். அவர் கை எங்கே போகும், கால் எப்போது அசையும், எல்லாம் மனப்பாடம். ஸ்டியரிங்குக்குக் கீழே சோக் என்று ஒரு கறுப்புக் குமிழ். அதைப் பாதி இழுப்பார், சாவியைத் திருப்புவார், இன்ஜின் செருமும், கிளம்புவார். அவளும் அதே மாதிரி பாதி இழுத்தாள், திருப்பினாள், கிளம்பினாள். பழைய தபாலாபீஸ் வரை தங்கமாக வந்த வண்டி, அதைத் தாண்டித் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனதும் நின்றது. மறுநாளும் அங்கேயே. அதற்கு மறுநாளும்.

"அக்கா, உங்க வண்டிக்கு இன்னும் டிரான்ஸ்பர் ஆர்டர் வரல போல. பழைய ஆபீஸைத் தாண்ட மாட்டேங்குது" என்றான் தபால்களைப் பிரிக்கிறவன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வீட்டுக்குப் போய் அழுதாள். அவர் இல்லாதது வண்டிக்கும் தெரிந்துவிட்டது என்று நினைத்தாள். சிரிக்காதீர்கள். பேச ஆளில்லாத வீட்டில் நாலு மாசம் இருந்து பாருங்கள், இதைவிடப் பைத்தியக்காரத்தனமாக நினைப்பீர்கள்.

அவள் மெக்கானிக்குகளிடம் அலையாமலும் இல்லை. ஒருத்தன் பிளக்கில் கரி அப்பியிருக்கிறது என்று மாற்றினான். ஒருத்தன் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவிக் காயவைத்தான். இன்னொருத்தன் பெட்ரோல் பம்பையே மாற்றினான். மூன்று பேரும் தாங்களே ஓட்டிப் பார்த்துவிட்டு ஒரே பாட்டுத்தான் பாடினார்கள்.

"நல்லாத்தானே ஓடுது மேடம்? ஊரையே ஒரு சுத்து சுத்திட்டு வந்துட்டேன்."

"என்கிட்ட நிக்குதே?"

"ஓட்டுற விதம்னு ஒண்ணு இருக்கில்ல" என்று சொல்லிவிட்டு ஓரமாக ஒரு சிரிப்பு வேறு. எரிகிறதா இல்லையா?

வெளியூரில் வேலை பார்க்கும் மகன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வான். "வித்துத் தொலைம்மா. நடுரோட்டுல ஒத்தையா நிக்கிறியே, எனக்கு இங்க தூக்கம் வருதா சொல்லு?" நச்சரிப்புத் தாங்காமல், "இன்னொரு தடவை நின்னா வித்துடறேன், போதுமா?" என்று வாய்விட்டுவிட்டாள். மறுநாளே அவன் சொல்லி அனுப்பிய பழைய இரும்பு வாங்குகிறவர் வந்து வண்டியின் கதவைத் தட்டிப் பார்த்து, உடைத்து விற்றால்தான் கட்டுப்படியாகும் என்றார். உடைப்பதாவது! புருஷன் தினமும் கை வைத்த பொருள் என்று வீட்டில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அதே சமயம் அதை ஓட்டுவதும் வேதனையாகத்தான் இருந்தது. ஓட்டும்போது காலியாகத் தெரிகிற பக்கத்து சீட் அவளுடைய சீட். அவளே செத்துப்போன மாதிரி இருக்கும்.

கடைசி முயற்சியாகச் சிடுமூஞ்சி மெக்கானிக்கிடம் விட்டாள். அவருக்கு அந்தப் பெயரை வைத்தது யாரோ, நன்றாக இருக்கட்டும். ராத்திரி பூராவும் வண்டி அவர் கொட்டகையில் நின்றது. காலையில் போனால், "ஒண்ணுமே இல்ல, எடுத்துட்டுப் போங்க" என்று எரிந்து விழுந்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அந்தப் பக்கமாத்தானே போறீங்க? பார்ட்ஸ் கடையில இறக்கி விடுங்க. என் பைக் மக்கர் பண்ணுது" என்றார். ஊர் வண்டிக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவரின் லட்சணம்!

அவர் அவளுடைய சீட்டில் உட்கார்ந்தார். அவள் சோக்கை இழுத்துக் கிளம்பினாள். பழைய தபாலாபீஸ் போனது. தண்ணீர்த் தொட்டி தெரிந்ததும் வண்டி குலுங்க ஆரம்பித்தது. இதோ நிற்கப் போகிறது, வாக்குக் கொடுத்தாயிற்று, இனி விற்க வேண்டியதுதான்.

மெக்கானிக் மூக்கைச் சுளித்தார். "என்ன இது, பெட்ரோல் வாடை இப்படி அடிக்குது?" குனிந்து பார்த்தவர் கத்தினார். "அக்கா! சோக்கை இன்னுமா இழுத்து வச்சிருக்கீங்க?"

"அது அப்படித்தானே இருக்கணும்?"

"யார் சொன்னது? காலையில இன்ஜின் சில்லுனு இருக்கும், பெட்ரோல் கொஞ்சம் கூடப் போகணும், அதுக்குத்தான் சோக். சூடானதும் உள்ள தள்ளிடணும். வயிறு நிறைஞ்சவன் வாயில இன்னும் திணிச்சா மூச்சு முட்டாதா?" என்று கட்டை விரலால் ஒரு அழுத்து அழுத்தினார். இன்ஜின் இரண்டு தரம் இருமியது. பிறகு சீராக ஓடியது. தண்ணீர்த் தொட்டி பின்னால் போய்விட்டது.

வண்டி நிற்கும்போதெல்லாம் அவள் குமிழை உள்ளே தள்ளி, சாவியை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொள்வாள். எதையும் ஒழுங்காக வைக்கிற கை. அதனால் வந்த மெக்கானிக் எவன் கண்ணிலும் அது படவில்லை.

"அவர் ஒரு நாளும் தள்ளினதே இல்லையே. நான்தான் தினம் பக்கத்துல இருந்தேனே" என்றாள்.

"தள்ளாம எப்படி ஓட்ட முடியும்? நீங்க எங்க இறங்குவீங்க?"

"பழைய தபாலாபீஸ்ல."

"அப்போ அதுக்கப்புறம் தள்ளியிருப்பாரு. இதோ, இங்கதான் கடை, நிறுத்துங்க." இறங்கினவர் நன்றிகூடச் சொல்லவில்லை. மாட்டுவண்டியே வேகமாகப் போகும் என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

பெரிய ஆபீஸ் வந்தும் அவளுக்கு இறங்கத் தோன்றவில்லை. வண்டி பிழைத்ததில் சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவரைப் பற்றி எல்லாம் தெரியும் என்று இறுமாந்திருந்தாளே, தெரிந்ததெல்லாம் அந்தப் பத்து நிமிஷம்தான். அவள் இறங்கிக் கதவைச் சாத்திய பிறகு அவர் ஒரு முழுப்பகல் ஓட்டியிருக்கிறார். எந்தெந்த ஊர், எங்கே சாப்பிட்டார், எத்தனை வாசலில் காத்துக் கிடந்தார், யாரிடம் பேசினார்? ராத்திரி வந்ததும் "எப்படிப் போச்சு?" என்பாள். "வழக்கம்போலத்தான்" என்பார். அந்த வழக்கம் என்னவென்று அவள் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை மகன் போன் செய்தான். "என்னம்மா, நின்னுச்சா?"

"இல்லடா. இனிமே நிக்காது." நடந்ததைச் சொன்னாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடிக்கும் வரை காத்திருந்து கேட்டாள்.

"ஏண்டா, என்னை இறக்கி விட்டதுக்கப்புறம் அப்பா எந்தப் பக்கமா போவாரு? உனக்காவது தெரியுமா?"



"எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றான். "நான்தான் உனக்கு முன்னாடியே ஸ்கூல்ல இறங்கிடுவேனே."