வெட்டி ஒட்டிய சிரிப்பு

நான் முதன்முதலில் சம்பளம் வாங்கிய அலுவலகத்தில், முப்பதுகளில் இருந்த ஆண்கள் ஒரு ரப்பர்ப் பந்தைப் பற்றிக் கண்கலங்கப் பேசுவார்கள். செம்மஞ்சள் நிறப் பந்து. தலையில் இரண்டு கொம்பு. ஏறிக் குந்திக் கொம்பைப் பிடித்துக்கொண்டு தோட்டம் முழுக்கத் துள்ளலாமாம். பந்து முடிந்தால் மிட்டாய். மிட்டாய் முடிந்தால் பாடசாலையில் ஊற்றிய மஞ்சள் கஸ்டர்ட். ஏதோ ஒரு மிட்டாயின் உறையில் எழுத்தை மாற்றிவிட்டார்கள் என்று ஒருவர் மேசையில் அடித்துக் கோபப்பட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். அவருடைய பாட்டன்மார் போன இடமெல்லாம் ஊர்ப் பெயர்களை மாற்றிவிட்டு வந்தவர்கள். பேரனுக்கு மிட்டாய் உறை மாறினால் தாங்காது.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் லண்டனில் டிவி வைத்திருந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. வார இறுதி வந்தால் இதுதான் ஓடும். பழைய நிகழ்ச்சி ஒன்றிலிருந்து ஒரு சின்னத் துண்டு. பிறகு ஒரு நகைச்சுவைக்காரர் கதிரையில் இருந்தபடி, "ஞாபகம் இருக்கா? எல்லார் வீட்டிலும் அது இருந்ததே!" என்பார். அடுத்த துண்டு, அடுத்த ஆள், அதே "எல்லாரும்". இந்த மாதிரி நிகழ்ச்சிகளைச் செய்து விற்கும் ஒரு கம்பனியில், சோஹோவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில், நான் ஆய்வாளர். பெயர் பெரிது. வேலை என்னவென்றால், பழைய துண்டுகளைத் தேடிப் பிடிப்பதும் கதிரையில் உட்கார ஆள் பிடிப்பதும்தான். தற்காலிக ஒப்பந்தம். உதவித் தயாரிப்பாளர் இடம் ஒன்று காலியாகப் போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கு அது வேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

அந்த "எல்லாரும்" என்ற சொல்லுக்குள் நான் இல்லை என்பதுதான் சிக்கல். பள்ளிக்கூடப் பிள்ளையாக யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள் நான். அவர்கள் பந்தில் துள்ளிய காலத்தில் நான் பிறக்கவேயில்லை. எங்கள் ஆட்களுக்கு ஒன்று தெரியாவிட்டால் அதற்கு ஒரே வழிதான் தெரியும்: படிப்பது. பாடத்திட்டம் இல்லாவிட்டால் நாங்களே ஒன்றைத் தயாரித்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளில் பழைய சிறுவர் ஆண்டுமலர்களையும் வீடியோ காசெட்டுகளையும் அள்ளிக்கொண்டு வந்தேன். தோர்ண்டன் ஹீத்தில் ஏறினால் விக்டோரியா வரைக்கும் ரயிலில் ரியூஷன். பரீட்சகர் என் அண்ணை. அவருக்கும் அதே ரயில்தான். ஒரு வங்கியின் கணக்குப் பிரிவில் வேலை.

"எழுபதுகளில சனிக்கிழமை பின்னேரம் மல்யுத்தம் காட்டினவங்கள். எத்தினை மணிக்கு?"

"நாலு."

"பள்ளிக்கூடத்தில சும்மா குடுத்த பால் எதுக்குள்ள வந்தது?"

"சின்னக் கண்ணாடிப் போத்தல். வெள்ளி மூடி."

"எடி, ஏ லெவலுக்கு நீ இப்பிடிப் படிச்சிருந்தா இப்ப உன்ர கழுத்தில ஸ்டெதஸ்கோப் தொங்கும்."

"அடுத்த கேள்வியைக் கேளுங்கோ அண்ணை."

"கேக்கிறன். வெள்ளைக்காரன் தன்ர சின்ன வயசை நினைச்சு அழுகிறான். நீ ஏன் அதைப் பாடமாக்கிறாய்? விசரே உனக்கு?"

விசர்தான். ஆனால் பலித்தது. ஒரு பிஸ்கட் பெட்டியின் நிறத்தை அவர்கள் தவறாகச் சொன்னால் நான் திருத்துவேன். அறை அதிரும். எங்கள் தயாரிப்பாளர், பழைய சிறுவர் நிகழ்ச்சியின் பொம்மை அச்சிட்ட பனியனோடு அலுவலகத்துக்கு வரும் மனிதர், ஒருநாள் என் தோளில் தட்டி, "எங்களைவிட நீதான் எங்கள் ஆள்" என்றார். எனக்குப் புளகாங்கிதம். இன்றைக்கு நினைத்தால் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

பிறகு எழுபதுகளின் நகைச்சுவைத் தொடர்களைப் பற்றிய நிகழ்ச்சி வந்தது. அதில் ஒரு தொடர், வாடகைக்கு அறை விடும் ஒரு வீட்டில் நடப்பது. அந்த வீட்டில் ஓர் இந்தியர். நடித்தவர் வெள்ளைக்காரர், முகத்துக்கு மண்ணிறச் சாயம். கதவைத் திறந்ததும் கைகூப்பிக் குனிவார், நெற்றி கதவின் கைப்பிடியில் முட்டும், "மோஸ்ட் ஹாப்பி, மேடம், மோஸ்ட் ஹாப்பி!" என்பார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். ஒவ்வொரு வாரமும் அதே கதவு, அதே முட்டு, அதே சிரிப்பு.

தயாரிப்பாளர் என்னைக் கூப்பிட்டார். "இந்தத் துண்டை ஒதுக்கவும் முடியாது, சும்மா போடவும் முடியாது. காலம் மாறிவிட்டது, பார். உங்கள் ஆட்களில் ஒருவர் வந்து, நாங்களும் ரசித்தோம் என்று இரண்டு வசனம் சொன்னால் போதும். பிடித்துக் கொடு. அந்த இடத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசுவோம்."

போனை எடுத்து உட்கார்ந்தேன். கோலியர்ஸ் வுட்டில் ஓர் அங்கிள், அந்தக் காலத்திலேயே படிக்க வந்தவர்.

"டிவியோ? நான் இரவு முழுக்கப் பெற்றோல் அடிக்கிற செற்றில நிண்டனான் பிள்ளை. பகல்ல நித்திரை. என்ன ஓடினதெண்டு எனக்கென்ன தெரியும்?"

இன்னொருவர் தன் அறையில் காசு போட்டால்தான் கரண்ட் வரும் மீற்றருக்குப் போடவே சில்லறை இருக்கவில்லை, இதில் டிவி வேறா என்று சிரித்தார். இப்படியே போனது. கடைசியில் அம்மாவுக்குத் தெரிந்த ஒருவர் மூலமாகக் கிங்ஸ்பரியில் ஓர் அன்ரி கிடைத்தார். மலேசியத் தமிழர். பத்தொன்பது வயதில் தாதிப் பயிற்சிக்கு வந்து, வார்டு சிஸ்டராகி முன்கூட்டியே ஓய்வு பெற்றவர்.

"பார்த்தேனே! ஹாஸ்டல் டிவி ரூம்ல எல்லாரும் ஒண்ணாதான் பார்ப்போம். வர்றேன்மா. எத்தனை மணிக்கு?"

பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வரச் சொல்ல முடியுமா என்று தயாரிப்பாளர் கேட்டிருந்தார். அன்ரி சாம்பல் நிறக் கோட்டும் காற்சட்டையுமாக வந்து இறங்கினார். நான் தயங்கித் தயங்கிச் சேலை விஷயத்தைச் சொன்னதும், கதிரையில் உட்கார்ந்தபடியே வயிறு குலுங்கச் சிரித்தார்.

"எழுபதுகள்ல நான் எங்கேமா சேலை கட்டினேன்? மினி ஸ்கர்ட்லா!"

கேமரா அப்போதே ஓடத் தொடங்கியிருந்தது. சம்மதப் படிவத்தை நீட்டினேன். வாங்கவில்லை.

"ஆஸ்பத்திரில வெட்டுறதுக்கு முந்தி கையெழுத்து வாங்குவோம். இங்க நீங்க வெட்டினதுக்கு அப்புறம் போடுறேன். நான் சொன்னதைத்தானே போடுவீங்க?"

"ஓம் அன்ரி, நீங்கள் சொல்லுறதைத்தான் போடுவம்" என்றேன். நம்பித்தான் சொன்னேன்.

பேட்டி ஆங்கிலத்தில் நடந்தது. அவருக்கு அந்தக் காலத்தின் மீது பிரியம் நிறையவே இருந்தது. பாட்டுகள், ஹாமர்ஸ்மித்தில் ஆடிய நடனம், குதி உயர்ந்த சப்பாத்தோடு படியில் உருண்டு விழுந்தது. அந்தத் தொடரைப் பற்றிக் கேட்டதும் குரலை மாற்றாமல் அதே கலகலப்போடு சொன்னார்: "ஓ, எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, நான் சிரிக்கிறேனா என்று திரும்பிப் பார்த்தார்கள். சிரிக்காவிட்டால் அடுத்த நாள் சாப்பாட்டு மேசையில் என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். அதனால் நானும் சிரித்தேன். காலையில் வார்டுக்குப் போனால், நான் மலச்சட்டியைத் தூக்கிக்கொண்டு வரும்போது கட்டிலுக்குக் கட்டில், மோஸ்ட் ஹாப்பி மேடம், மோஸ்ட் ஹாப்பி. அதற்கும் சிரித்தேன்."

கேமராக்காரர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். தயாரிப்பாளர், "அற்புதம், அற்புதம்" என்று அடுத்த கேள்விக்குப் போனார்.

அடுத்த வாரம் தொகுத்த துண்டைப் பார்த்தேன். "ஓ, எல்லாரும் சிரித்தார்கள்" என்று அன்ரி சொல்கிறார். உடனே கதவு திறந்து சாயம் பூசிய மனிதர் முட்டுகிறார். அந்தப் படத்தின் மேல் அன்ரியின் குரல் மட்டும்: "நானும் சிரித்தேன்." மறுபடி அன்ரி, வயிறு குலுங்கச் சிரிக்கிறார். இந்தத் தொழிலில் பேச்சை வெட்டிய இடம் தெரியக் கூடாது என்றால் அதன் மேல் வேறு படத்தைப் போட்டு மூடிவிடுவார்கள். அது எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சிரிப்பு? அது மினி ஸ்கர்ட்டுக்குச் சிரித்த சிரிப்பு. அதைக் கழற்றிக் கொண்டுவந்து இங்கே பூட்டியிருந்தார்கள்.

"அழகாக வந்திருக்கிறது, இல்லையா?" என்றார் தயாரிப்பாளர். "போய்க் கையெழுத்தை வாங்கிக்கொண்டு வா. துண்டைக் காட்ட வேண்டும் என்றில்லை. பெரும்பாலும் கேட்க மாட்டார்கள்."

காசெட்டை எடுத்துக்கொண்டு கிங்ஸ்பரிக்குப் போனேன். அன்ரி கேட்பதற்கு முன்பே அவருடைய வீடியோவில் போட்டேன். தேநீர்க் கோப்பையைப் பிடித்தபடி நின்றுகொண்டே பார்த்தார்.

"திரும்பப் போடுமா."

போட்டேன்.

"நடுவுல நான் பேசினது?"

"எடுத்திட்டினம் அன்ரி."

"அந்தச் சிரிப்பு என்னோடதுதான். ஆனா அதுக்குச் சிரிச்சது இல்லையே."

"இல்லை அன்ரி."

கதிரையை இழுத்து உட்கார்ந்தார். "நான் கையெழுத்துப் போட்டா உனக்கு வேலை கிடைக்கும். அப்படித்தானே?"

"அப்பிடித்தான்."

"போடாட்டி?"

"தெரியேல்லை."

"பொய் சொல்லத் தெரியாத மூஞ்சிலா உனக்கு." கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப எனக்கு பத்தொன்பது வயசு, ஊரு புதுசு, சிரிச்சேன். இப்ப என்னா பயம்? இதுல கையெழுத்துப் போட்டா, அவங்களுக்காக இன்னொரு வாட்டி சிரிச்ச மாதிரி ஆயிடும். முழுசாப் போடச் சொல்லு. இல்லாட்டி என்னை எடுத்துடச் சொல்லு."

என் பேனாவை மூடி, அவரே என் பையில் போட்டார்.

அலுவலகத்தில் சொன்னேன். முழுவதையும் போட்டால் இன்னும் ஒரு சில விநாடிதான் கூடும் என்றேன். தயாரிப்பாளருக்கு முகம் சுருங்கியது.

"இது கொண்டாட்ட நிகழ்ச்சி. அதைப் போட்டால் மனநிலை போய்விடும்."

"யாருடைய மனநிலை?"

"எல்லாருடையதும்தான்."

அவர் தன் கதிரையை என் பக்கம் திருப்பினார். பிறகு அவர் முகம் மலர்ந்ததுதான் எனக்குப் பயத்தைத் தந்தது. "அந்த அம்மா வேண்டாம். நீயே உட்கார். இரண்டே வசனம். உனக்குத்தான் எல்லாம் தெரியுமே!"

"நான் அப்போது பிறக்கவில்லை."

"எனக்கு மட்டும் என்ன, இரண்டு வயது. அதனால் என்ன?"

அவர் இதை வெட்கமில்லாமல் சொன்னார். அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கியது. மேசையில் அடித்து, கண்கலங்கி, எங்கள் காலம் எங்கள் காலம் என்று அவர்கள் கட்டிக்காத்ததில் பாதியை அவர்களும் என்னைப் போலப் பாடமாக்கியவர்கள். ஆனால் நான் பாடமாக்கியது அவர்களுடைய கூட்டத்துக்குள் போவதற்கு. அவர்கள் பாடமாக்கியது, அந்தக் கூட்டத்தில் யாரும் நோகவில்லை என்று சொல்லிக்கொள்வதற்கு. இப்போது அதற்கு என் தோல் நிறத்தில் ஒரு சாட்சி தேவைப்பட்டது.

உட்கார்ந்தேன். விளக்கு கண்ணைக் குத்தியது. "எப்போது வேண்டுமானாலும் தொடங்கு" என்றார்.

"எல்லாரும் சிரித்தார்கள்" என்று தொடங்கினேன். அவர் தலையாட்டினார். "சிரித்துவிட்டு, நான் சிரிக்கிறேனா என்று திரும்பிப் பார்த்தார்கள்." தலையாட்டல் நின்றது. நான் நிறுத்தவில்லை. சாப்பாட்டு மேசை, வார்டு, மலச்சட்டி, கட்டிலுக்குக் கட்டில், ஒரு சொல் விடாமல் சொன்னேன். எனக்குப் பாடமாக்குவது கஷ்டமில்லை.

"இது அந்த அம்மா சொன்னது. உன்னுடையது இல்லை" என்றார்.

"என்னிடம் வேறு இல்லை. நீங்கள் கேட்ட காலத்தைப் பற்றி அங்கே இருந்த ஒருவர் என்னிடம் சொன்னது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் சந்தையில் வாங்கினது."

"நீ இதையெல்லாம் கொஞ்சம் லேசாக எடுத்துக்கொள்ளலாம்."

கேமராக்காரர் என் சட்டையிலிருந்து மைக்கைக் கழற்றினார். அந்த இடத்தைப் பற்றிய பேச்சு நடக்கவேயில்லை. மாத முடிவில் என் ஒப்பந்தம் முடிந்தது, அவ்வளவுதான். நான் எங்கேயும் முறையிடவில்லை என்பதற்காக எனக்கு நல்ல சான்றிதழ்கூட எழுதித் தந்தார்கள். போகும்போது ஒன்றே ஒன்று கேட்டேன்: அந்த நிகழ்ச்சியிலிருந்து என் பெயரையும் எடுத்துவிடுங்கள்.

ஒளிபரப்பான அன்று வீட்டில் பார்த்தோம். கதவு திறந்தது, முட்டு விழுந்தது. அன்ரி இல்லை, நான் இல்லை. எங்கள் இடத்தில் இரண்டு நகைச்சுவைக்காரர்கள் மாறி மாறி வந்தார்கள். அப்போதெல்லாம் மனிதர்களுக்குச் சிரிக்கத் தெரிந்திருந்தது, யாரும் எதையும் தப்பாக எடுக்கவில்லை, எல்லாரும் சிரித்தோம் என்றார்கள். ஒருவருக்கு என் வயதுதான் இருக்கும்.

நிகழ்ச்சி முடிவதற்குள் கிங்ஸ்பரிக்குப் போன் எடுத்து, உங்களை எடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன்.

"பார்த்தேன்மா. நிம்மதி" என்றார் அன்ரி. "நீ வேற வேலைக்கு எங்க மனு போட்டிருக்கே?"

நான் பதில் சொல்லத் தொடங்கும்போது முன்னறையிலிருந்து அண்ணை கத்தினார். "எடி, ஓடி வா! உன்ர பேர் போகுது, பார்! கனடாவுக்கு அனுப்பவெண்டு ரெக்கோர்ட் பண்ணிக்கொண்டிருக்கிறன்!"

போனைக் கையில் பிடித்தபடி போய் நின்றேன். நிகழ்ச்சி முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில், கீழிருந்து மேலே, எழுத்துப் பிழையில்லாமல், என் பெயர் போய்க்கொண்டிருந்தது. வெட்டச் சொல்லிக் கேட்டதில் அதை மட்டும்தான் அவர்கள் வெட்டவில்லை.