செக்கிங்குக்கு முன்னால் இறங்கிய மாத்திரை

கறம்பக்குடி பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பராக இருக்கும் ஆத்மநாதன் என் பெரியம்மா மகன். யாருக்கும் ஒரு நிமிடம் விட்டுத்தர மாட்டார். அவர் விசில் ஊதினால் டிரைவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவர வேண்டும். "டீ ஆறுனா வேற டீ வாங்கலாம். டைம் போனா பின்னாடி வர்றவன் ஒன் ஆளை ஏத்திக்கிட்டுப் போயிருவான்" என்பார்.

அவருக்குப் பிறவியிலேயே தலசீமியா. உடம்பு தனக்கு வேண்டிய ரத்தத்தைச் சரியாக உண்டாக்காது. மாதாமாதம் ஏற்றிக்கொள்ள வேண்டும். அந்த ரத்தத்தோடு வரும் இரும்பு, வெளியேற வழியில்லாமல் ஈரலிலும் இதயத்திலும் தங்கிவிடும். அதை வெளியே அனுப்பத்தான் தினமும் மாத்திரை. இதெல்லாம் தெரியாத ஊர்க்காரர்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒடம்புல ரத்தமே இல்லப்பா" என்று முருங்கைக்கீரையைக் கட்டுக்கட்டாகக் கொடுப்பார்கள். மறுக்காமல் வாங்கி டிரைவர்களிடம் தந்துவிடுவார். "நம்ம ரூட்டு டிரைவரெல்லாம் கல்லு மாதிரி இருக்கானுவன்னா, யாரு காரணம்?"

அந்த மாத்திரை சிறுநீரகத்தைச் சிரமப்படுத்தவும் கூடும். போன வருடம் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் அவருக்குக் கிரியாட்டினின் ஏறியிருந்தது. கிட்னி திணறுகிறது என்று பொருள்.

"மொத்தமா ஒரே வேளையில போடாதீங்க. அதே அளவைக் காலையில பாதி, ராத்திரி பாதியாப் பிரிச்சுப் போடுங்க. சில பேருக்குக் கிட்னி தாங்கிக்கும்" என்றார் டாக்டர்.

"ஓவர்லோடு ஏத்தாம ரெண்டு ட்ரிப்பா அடிக்கச் சொல்றீங்க."

"அதேதான். அப்பவும் ஏறுச்சுன்னா மாத்திரைய நிறுத்திட்டு பழையபடி பம்புதான்."

சிறுவயதில் வயிற்றுத் தோலில் ஊசி குத்தி, பம்பை இடுப்பில் கட்டி, இரவெல்லாம் மருந்து ஏற்றிக்கொண்டவர் அவர். இன்றைக்கும் புரண்டு படுக்கமாட்டார், மல்லாந்தேதான் தூங்குவார். பம்பு என்ற சொல்லுக்குப் பிறகு டாக்டர் பேசிய எதுவும் அவர் காதில் விழவில்லை.

வழியில் அதிகாரிகள் செக்கிங்குக்கு நிற்பது தெரிந்தால் டிரைவர்களுக்குப் போன் செய்வதும் ஆத்மநாதன் அண்ணன்தான். அதிகாரிகள் நிற்கும் முக்கத்துக்கு முன்பே, அளவுக்கு மீறி ஏற்றிய ஆட்களை இறக்கி நடக்கவிடுவார்கள்; தாண்டியதும் ஏற்றிக்கொள்வார்கள். அதிகாரிகள் பார்க்கும்போது பஸ் ஒழுக்கமாக இருக்கும். ரத்தப் பரிசோதனையையும் அவர் அப்படித்தான் புரிந்துகொண்டார். மற்ற நாட்களில் மாத்திரையை நேரம் தவறாமல் இரண்டு ட்ரிப்பாகப் போடுவார். பரிசோதனைக்கு முந்தைய வாரம் மட்டும் அடியோடு நிறுத்திவிடுவார்.

கிரியாட்டினின் இறங்கியது. டாக்டர் மகிழ்ந்தார். "பிரிச்சுப் போட்டது வேலை செய்யுது பாருங்க! இரும்புதான் குறையல. கிட்னி நல்லாத் தாங்குறதால அளவைக் கூட்டுறேன்."

ஏமாற்றி வாங்கிய நல்ல பெயருக்குப் பரிசு, கூடுதல் மாத்திரை. திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"டெஸ்ட்டே ஒங்களுக்காகத்தானண்ணே எடுக்குறாங்க?"

"நீ காலேஜ்ல எப்படா படிச்ச?"

"பரீட்சைக்கு முதல் வாரம்."

"பட்டம் குடுத்தாங்கல்ல? பேசாம வா."

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியான நான் பேசாமல் வந்தேன். அந்தப் பட்டத்தைப் பற்றி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த மாதம், பரிசோதனை முடிந்து அவருக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. எதிர்க் கட்டிலில், கறம்பக்குடியிலிருந்தே பஸ் ஏறி வரும் ஸ்டெல்லா என்ற சிறுமி. அவளுக்கும் அதே நோய், அதே மாத்திரை, அதே பிரிப்பு. ஆனால் அவளுக்குக் கிரியாட்டினின் ஏறியிருந்தது.

"ஒழுங்காப் பிரிச்சுத்தான் குடுக்குறீங்களா?" டாக்டர் அவள் அம்மா இன்னாசியம்மாளைப் பிடித்துக்கொண்டார்.

"மாதா மேல சத்தியமாங்க. ஒரு வேள தவறுனதில்ல."

"அப்ப அவருக்கு மட்டும் எப்படிச் சரியாச்சு? அவருகிட்டக் கேட்டுக் கத்துக்கங்க."

இன்னாசியம்மாள் எழுந்து வந்தார். "தம்பி, எப்படிப்பா போடுற? எங்களுக்கும் சொல்லிக் குடு சாமி."

கையில் ஊசி இருந்ததால் அண்ணனால் எழுந்து போக முடியவில்லை. படுத்தபடியே டாக்டரைக் கூப்பிட்டார்.

"டாக்டரம்மா, அந்த அக்கா பஸ்ஸு ஒழுங்காத்தான் ஓடுது. ஓவர்லோடு என்னுது. செக்கிங்குக்கு முன்னாடி எறக்கி விட்டுட்டேன்."

டாக்டருக்குப் புரியவில்லை. அண்ணன் விளக்கினார். புரிந்தபோது டாக்டரின் முகம் மாறியது.

"அப்ப நான் அளவைக் கூட்டுனது?"

"அது... காலி பஸ்ஸப் பாத்துக் கூட்டுனதுங்க."

வார்டே சிரித்தது, டாக்டரைத் தவிர. பழைய அளவுக்கே குறைத்து, இரண்டு வேளையாக, ஒரு நாளும் விடாமல் போட்டுவிட்டு மறுபடி டெஸ்ட்டுக்கு வரச்சொன்னார். பிறகு இன்னாசியம்மாளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஸ்டெல்லாவிடம் காலையிலிருந்து என்ன குடித்தாய் என்று விசாரித்தார்.

"ஒண்ணும் குடிக்கல. பஸ் ஸ்டாண்டு பாத்ரூமுக்குப் போகப் பிடிக்காது."

"தண்ணி குடிக்காம வந்தாலும் இது ஏறும்மா." அவளுடைய மாத்திரையைக் கொஞ்சம் குறைத்து, அடுத்த முறை நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு வரச்சொன்னார்.

அண்ணனின் நேர்மையான பரிசோதனை முடிவு வந்தது. கிரியாட்டினின் சற்றே ஏறியிருந்தது, எல்லையைத் தாண்டவில்லை. இப்போதைக்குப் பம்பு வேண்டாம், மாதாமாதம் பார்ப்போம் என்றார் டாக்டர். அண்ணனுக்கு நிம்மதியைவிடக் கோபம்தான் அதிகம். "இவ்வளவுதானா? இதுக்காடா வேல மெனக்கெட்டு காலி பஸ் ஓட்டுனேன்?"

ஸ்டெல்லா அடுத்த பரிசோதனைக்குப் போன அன்று நானும் பஸ் ஸ்டாண்டில் இருந்தேன். தண்ணீர் பாட்டிலைக் காலி செய்துவிட்டு, அண்ணன் கொடுத்த டைம் ஆபீஸ் பாத்ரூம் சாவியோடு போயிருந்தாள். புதுக்கோட்டை பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

"அண்ணே, டைம் ஆச்சு, விசிலடிங்க!" என்று டிரைவர் கத்தினார்.

"கடியாரம் ஏங்கிட்டத்தான இருக்கு? பாப்பா வரட்டும், நில்லு."

"பின்னாடி வர்றவன் ஏத்திக்கிட்டுப் போயிருவான்னு சொல்லுவீங்களே?"

"ஏத்துனா ஏத்திட்டுப் போறான். போய் டீயக் குடி."